முதல் வரியை யார் எழுதுவது?

(வெளிநாட்டில் பார்மசி படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்குமாக, பெங்களூர் மல்லேஸ்வரத்தில் நம் கிளை நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபனை அவசரமாக முடித்துக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களே, அவர்களால் இழுத்துக்கொண்டு வரப்பட்டிருக்கும் குழந்தைகளே!

நான் பெரிய கல்வியாளர் இல்லை. முப்பத்தொரு வருஷம் இந்த ஊரில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நம் செயலாளர் போன வாரம் போன் பண்ணி, "மாமி, பெர்சனல் ஸ்டேட்மென்ட் எழுத எப்படி ஆரம்பிக்கறதுன்னு ஒரு அரை மணி பேசணும்" என்றார். எப்படி முடிப்பது என்று கேட்டிருந்தால் சுலபமாகச் சொல்லியிருப்பேன். ஆரம்பிப்பதில்தான் எல்லாருக்கும் கஷ்டம். எனக்கும் அதில் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நாம் உட்கார்ந்திருக்கும் இதே மல்லேஸ்வரத்தில், பதினெட்டாவது கிராஸில், கர்நாடகத் தேர்வு ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. இங்கே பி.பார்ம் சேர வேண்டுமானால் சி.இ.டி. எழுத வேண்டும். ராங்க் வரும், கவுன்சிலிங் வரும், சீட் வரும். "ஏனம்மா இந்தப் படிப்புக்கு வருகிறாய்?" என்று ஒருவரும் கேட்பதில்லை. வெளிநாட்டில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் பார்ம்.டி. படிப்புக்குப் பெரும்பாலான கல்லூரிகளுக்கு 'பார்ம்காஸ்' என்ற பொது விண்ணப்பம் வழியாகப் போக வேண்டும். அதில் ஒரு கட்டுரை. இடைவெளியையும் சேர்த்து 4,500 எழுத்துக்குள் அடங்க வேண்டும். ஏன் பார்மசியைத் தேர்ந்தெடுத்தாய், இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய், இதுவரை நீ படித்ததும் பார்த்ததும் அதற்கு எப்படி உதவும் என்பதுதான் கேள்வி. அதே கட்டுரைதான் எல்லாக் கல்லூரிக்கும் போகும். அனுப்பிய பிறகு ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. இங்கிலாந்தில் எம்.பார்ம் படிக்க 'யூகாஸ்' விண்ணப்பம். அதில் 4,000 எழுத்து. முன்பு ஒரே நீளக் கட்டுரையாக இருந்தது. 2026-ல் சேர்கிறவர்களிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். ஏன் இந்தப் படிப்பு, இதற்கு உன் பள்ளிப் படிப்பு உன்னை எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய் என்பவை அந்த மூன்று.

பெற்றோர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே நாலு வருஷ பி.பார்ம் முடித்துவிட்டு அமெரிக்காவில் நேராக மருந்தாளுநர் லைசென்ஸுக்குப் போய்விடலாம் என்று சிலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2003 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு பட்டம் வாங்கியவர்கள் என்றால், வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான அந்தத் தகுதித் தேர்வு எழுதக் குறைந்தது ஐந்து வருஷப் படிப்பு இருக்க வேண்டும். நம் நாட்டில் 2008-ல் ஆரம்பித்த ஆறு வருஷ பார்ம்.டி. படித்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை. பி.பார்ம் குழந்தைகள் அங்கே போய் மறுபடி பார்ம்.டி. சேர்வது இதனால்தான். எந்த வழி என்று தீர்மானித்துக்கொண்டு பிறகு கட்டுரைக்கு வாருங்கள். வழி தெரியாமல் எழுதினால் கட்டுரையிலும் வழி தெரியாது.

சரி, நம் குழந்தைகளுக்கு இது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? மார்க்குக்குக் குறைவில்லை. இங்கிலீஷுக்கும் குறைவில்லை. 'நான்' என்று ஆரம்பித்து எழுது என்றால்தான் திகைக்கிறார்கள். தன்னைப் பற்றித் தானே பேசக்கூடாது, அது தற்பெருமை என்று சொல்லி நாம்தான் வளர்த்திருக்கிறோம். யோசித்துப் பார்த்தால், நம் வீட்டுப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் முதல் சுய அறிமுகம் அபிவாதனம். ரிஷிகள், கோத்திரம், சூத்திரம், வேதம் எல்லாம் சொல்லிக் கடைசியில்தான் தன் பெயர் வரும். எங்கிருந்து வந்தவன் என்று பெரியவர்களுக்குச் சொல்ல அது அழகான வழி. ஆனால் விண்ணப்பத்தைப் படிக்கிற பேராசிரியர் அதைக் கேட்கவில்லை. அப்பா பாங்கில் அதிகாரி, தாத்தா தலைமை ஆசிரியர், மாமா நியூஜெர்சியில் டாக்டர் என்று ஒரு பாரா முழுக்க எழுதிக்கொண்டு வருகிற குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். "இதில் நீ எங்கேம்மா?" என்று கேட்டால் முழிக்கும்.

இப்போது அந்தப் பழைய கணக்குக்கு வருகிறேன்.

2016-ம் வருஷம். என் தங்கை பிள்ளை பி.யு.சி. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். இங்கிலாந்தில் எம்.பார்ம் படிக்க ஆசை. கெட்டிக்காரப் பையன், ஆனால் வாய் திறக்க மாட்டான். நாலு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். அதுவும் 'சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்' என்ற வரி. என் தங்கை, "அக்கா, நீதான் இந்த லைனிலேயே இருக்கியே, கொஞ்சம் பார்த்துக் கொடேன்" என்றாள்.

பார்த்துக் கொடுக்கவில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

என்ன எழுதினேன் தெரியுமா? என் சர்வீஸில் நடந்த ஒரு சம்பவம். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை உண்டு. வாரத்துக்கு ஒரு தடவைதான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையே பாதிக்கப்பட்டு உயிருக்கு ஆபத்து. ஒரு பெரியவருடைய சீட்டில் அது 'தினமும்' என்று வந்திருந்ததைக் கவுன்ட்டரில் நான் பிடித்தேன். அதை, பக்கத்தில் நின்று அவன் பார்த்த மாதிரி எழுதினேன். அவன் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது ஒரே ஒரு தடவை. எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கம்ப்யூட்டரில்தான் நேர்காணல். அவர்கள் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. "அந்த மாத்திரையை ஏன் வாரம் ஒரு தடவை கொடுக்கிறார்கள்? அந்தச் சீட்டைப் பார்த்தபோது உன் மனதில் என்ன தோன்றியது?" அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி வேறு மாதிரி கேட்டிருக்கிறார்கள். அப்போதும் மௌனம். இடம் கிடைக்கவில்லை.

நான் ஆறுதல் சொல்லப் போனேன். அவன் கோபப்படவில்லை. "அவா கூப்பிட்டது உங்களைத்தான் பெரியம்மா. போனது நான்" என்றான்.

முப்பத்தொரு வருஷ சர்வீஸில் எவ்வளவோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இந்த மாதிரி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. உதவி என்று நினைத்துச் செய்தேன். உண்மையில் நான் செய்தது பொய். ஒரு குழந்தையின் வாயில் என் அனுபவத்தைத் திணித்து, அவனைத் தனியாக அனுப்பிவைத்தேன். அவனிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று நானே முடிவு செய்துவிட்டது அதைவிடப் பெரிய தப்பு. பிறகு அவன் சி.இ.டி. மூலமாக இங்கேயே பி.பார்ம் படித்தான். இன்று இதே ஊரில், மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் வேலையில் நன்றாக இருக்கிறான். நான் அந்தப் பேச்சை எடுத்தால் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விடுவான்.

அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் படித்தேன். 2007-ல் யூகாஸ் ஒரு சோதனை செய்தது. மருத்துவம் முதலான படிப்புகளுக்கு வந்த சுமார் 50,000 ஸ்டேட்மென்ட்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எட்டு வயதில் தன் பைஜாமாவில் தீப்பட்டு ஓட்டை விழுந்த கதையை 234 பேர் எழுதியிருந்தார்கள். 234 குழந்தைகளுக்கு, அதே எட்டு வயதில், அதே பைஜாமாவில்! எங்கேயோ இருந்த மாதிரிக் கட்டுரையைப் பார்த்து எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இன்னொரு 175 பேர், வயதான அல்லது உடம்பு முடியாத தாத்தாவைப் பற்றி ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். இப்போது ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கமான நடைமுறையாகிவிட்டது. இன்றைக்குப் பெரியம்மாகூடத் தேவையில்லை. கம்ப்யூட்டரிடம் சொன்னால் அரை நிமிஷத்தில் அதுவே எழுதிக் கொடுக்கிறது. ஆனால் இது என் சொந்த எழுத்து என்று உறுதி கொடுத்துத்தான் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். யார் எழுதிக் கொடுத்தாலும், நேர்காணலில் போய் உட்காரப்போவது குழந்தைதான்.

அப்படியானால் தாத்தா பாட்டியைப் பற்றியே எழுதக்கூடாதா? எழுதலாம். அதற்கு ஒரு கதை சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், ராஜாஜிநகரிலிருந்து நம் சங்கக் குடும்பத்துப் பெண் ஒருத்தி வந்தாள். பி.பார்ம் கடைசி வருஷம். அமெரிக்காவில் பார்ம்.டி.க்கு விண்ணப்பிக்க வேண்டும். கையில் ஒரு கட்டுரை. 'மருந்தியல் ஓர் உன்னதமான தொழில்' என்று ஆரம்பம். நான் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். "ஆத்துல யாரெல்லாம் இருக்கா?" என்று கேட்டேன். பேச்சுவாக்கில் பாட்டி வந்தாள். பாட்டிக்குத் தைராய்டு குறைவு. மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை, டாக்டர் இரண்டு தடவை அளவை ஏற்றிவிட்டார்.

"எப்ப சாப்பிடறா மாத்திரையை?"

"கார்த்தால, காபியோட."

இங்கே இருக்கும் பாதிப் பேர் இப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள்! தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு சாப்பிட வேண்டும். காபிக்கு முன்னால் அரை மணியிலிருந்து ஒரு மணி வரை இடைவெளி வேண்டும். காபி அந்த மருந்து உடம்பில் சேருவதைக் குறைக்கும். கால்சியம் மாத்திரை என்றால் நாலு மணி நேரம் தள்ளி. அந்தப் பெண்ணும் அதை மூன்றாம் வருஷத்திலேயே படித்து, கண்டுபிடித்து, வீட்டில் சொல்லியிருந்தாள். "இதை ஏன் எழுதலை?" என்றேன். "அது தப்பாப் போயிடுத்து மாமி" என்றாள்.

என்ன ஆயிற்று என்றால், இவள் பாட்டியிடம் போய், "மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரம் காபி கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். பாட்டி தலையை ஆட்டிவிட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டாள்! ஐம்பது வருஷமாக எழுந்தவுடன் முதல் டிகாக்ஷன் குடிக்கிறவள். காபியா மாத்திரையா என்று வந்தால் அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. பத்து நாள் கழித்து, அட்டையில் மாத்திரை அப்படியே இருப்பதைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. இவள் அழுதுவிட்டாள். அப்புறம் உட்கார்ந்து, "பாட்டி, நீ எத்தனை மணிக்கு முழிச்சுக்கறே?" என்று கேட்டிருக்கிறாள். நாலரைக்கே விழிப்பு வந்துவிடும், பால்காரர் வரும் வரை படுத்திருப்பேன் என்றாளாம் பாட்டி. அன்றையிலிருந்து படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர், ஒரு மாத்திரை. நாலரைக்கு அது. பால் வந்து, குளித்து, கோலம் போட்டு, ஐந்தே முக்காலுக்குக் காபி. அடுத்த இரத்தப் பரிசோதனையில் அளவு குறைய ஆரம்பித்தது.

"நீ தப்பாப் போச்சுன்னு விட்டுட்ட இடம்தான் உன் கட்டுரை" என்றேன். மருந்தைப் பற்றித் தெரிந்திருப்பது வேறு, அதைச் சாப்பிடுகிற மனுஷியைத் தெரிந்திருப்பது வேறு என்று அவள் அந்தப் பத்து நாளில் கற்றுக்கொண்டிருந்தாள். நான் ஒரு வரிகூட எழுதவில்லை, பேனாவையே கையில் எடுக்கவில்லை. அவள் முதல் வரியாக எழுதியது, 'என் முதல் நோயாளி என் பேச்சைக் கேட்டுவிட்டு மருந்தை நிறுத்திவிட்டாள்' என்பது. ஐந்து இடத்துக்கு விண்ணப்பித்தாள். மூன்றில் இல்லை என்றார்கள். இரண்டில் கூப்பிட்டார்கள். ஒரு நேர்காணலில் முக்கால்வாசி நேரம் பாட்டியின் காபியைப் பற்றியே பேச்சு. இவளுக்குச் சொல்ல விஷயம் இருந்துகொண்டே இருந்ததாம். இப்போது அங்கே படிக்கிறாள்.

குழந்தைகளே, நீங்கள் எப்படி ஆரம்பிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து, நோய், மருந்துக்கடை, ஆஸ்பத்திரி, லேப் சம்பந்தமாக நீங்கள் நேரில் இருந்த பத்துச் சம்பவங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழோ, கன்னடமோ, இரண்டும் கலந்தோ, எப்படி வருகிறதோ அப்படியே. எங்கே, எப்போது, யார், என்ன மருந்து, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது மட்டும் போதும்.

இரண்டாவது, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நான் என்ன செய்தேன்?' என்று எழுதுங்கள். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவற்றை அடித்துவிடுங்கள். பத்தில் மூன்று மிஞ்சினால் நல்லது.

மூன்றாவது, அந்த மூன்றில் எது சரியாக வரவில்லை, அதிலிருந்து எதை மாற்றிக்கொண்டீர்கள் என்று பாருங்கள். தப்பை ஒப்புக்கொள்வது பலவீனம் என்று நினைக்காதீர்கள். மருந்து கொடுக்கிற தொழிலில், தப்பை மறைக்கிறவரைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

நாலாவது, இந்தச் சம்பவம் ஒரு டாக்டருக்கும் பொருந்துமா, நர்ஸுக்கும் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொருந்தினால், ஏன் மருந்தாளுநர் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்று அர்த்தம்.

ஐந்தாவது, இந்தத் துறையே தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு மாமியே போதும். எந்த இடத்தில் அவர், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கிறாரோ, அங்கேதான் கட்டுரை ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் இருப்பதை வெட்டிவிடலாம்.

இதற்கெல்லாம் பிறகுதான் இங்கிலீஷ். கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். எழுதி ஒரு வாரம் தொடாமல் வைத்துவிட்டுப் பிறகு படியுங்கள். ஆசிரியரிடம் காட்டி இலக்கணப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். வாக்கியம் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

"எனக்கு ஒரு சம்பவமும் இல்லையே மாமி" என்பவர்களுக்கு ஒரு வழி. உங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் அனுமதி கேட்டு, நாலு சனிக்கிழமை ஒரு ஓரமாக நில்லுங்கள். மருந்தைத் தொடாதீர்கள், பேச்சைக் கேளுங்கள். இந்த ஊரில் ஒரே கவுன்ட்டரில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, ஹிந்தி எல்லாம் வரும். 'ஊட்டக்கெ முஞ்சே' என்று சொன்னது, சாப்பாட்டுக்கு முன்னால் என்று அந்த ஹிந்திக்காரப் பையனுக்குப் புரிந்ததா என்று பாருங்கள். நாலு வாரத்தில் நோட்டில் இடம் போதாது.

முடிக்கும்முன் ஒன்று. நமக்கெல்லாம் தெரிந்த ஒரு விண்ணப்பம் உண்டு. 1913 ஜனவரி 16 அன்று சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய கடிதம். அது எப்படி ஆரம்பிக்கிறது? கும்பகோணத்துப் பெருமையோ, குடும்பப் பெருமையோ அதில் இல்லை. போர்ட் டிரஸ்ட் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, வருஷத்துக்கு இருபது பவுன் சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, ஓய்வு நேரத்தில் கணிதம் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, செய்ததை எடுத்து வைக்கிறார். அவ்வளவுதான். நம் குழந்தைகள் எல்லோரும் ராமானுஜன் ஆக முடியாது. ஆனால் இருக்கிற இடத்தையும், இல்லாததையும், செய்ததையும் உள்ளபடி சொல்ல எல்லோராலும் முடியும்.

பெற்றோர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கேளுங்கள், கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். குழந்தை நாலு நாள் ஒரு வரியோடு உட்கார்ந்திருந்தால், பேனாவை வாங்கிவிடாதீர்கள். "இன்னிக்கு என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். பதில் மெதுவாகத்தான் வரும். என் தங்கை பிள்ளையிடமும் வந்திருக்கும். நான் காத்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் காபி நேரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அளவை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.